காரைக்காலை விற்ற அரண்மனை... தஞ்சாவூருக்கு ஒருநாள் போய்ப் பார்ப்போமா?

காரைக்காலில் பிறந்து வளர்ந்தவர்களிடம் 'உங்க ஊரை ஆண்டது யாரு?' என்று கேட்டால், சட்டென்று 'பிரெஞ்சுக்காரங்க' என்றுதான் பதில் வரும். சரிதான். ஆனால், பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த ஊரை விலை பேசியது யார்? அதற்கான விடை, திருவாரூர் வழியாக ரயில் ஏறினால் போய்ச் சேரும் தஞ்சாவூர் அரண்மனையில் இருக்கிறது.

1738-ல் தஞ்சை மராட்டிய மன்னர் சாகுஜி பதவிப் போட்டியில் தவித்துக்கொண்டிருந்தார். பணம் வேண்டும். புதுச்சேரி கவர்னர் டூமாவுக்கோ, வளமான காவிரிக் கரையில் ஒரு துறைமுகம் வேண்டும். 40,000 சக்கரத்துக்குப் பேச்சு முடிந்தது. சாகுஜி அரியணை ஏறியதும் கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்கினார். கடைசியில் சந்தா சாகிபின் படை குறுக்கே வந்து, 1739 பிப்ரவரி 14-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. காதலர் தினத்தன்று கைமாறிய ஊர் என்று சொல்லிக்கொள்ளலாம்!

கடற்கரையை அந்நியருக்குக் கொடுப்பது அந்த அரண்மனைக்குப் புதுசு இல்லை. அதற்கு 118 வருஷம் முன்பே, 1620-ல் ரகுநாத நாயக்கர் பக்கத்துத் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். டென்மார்க் மன்னருக்கு அவர் தங்க ஏட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது.

கோயில் மாதிரி ஒரு ஆயுதக் கிடங்கு

இந்த அரண்மனையை ஒரே ராஜா ஒரே மூச்சில் கட்டவில்லை. 16-ம் நூற்றாண்டில் நாயக்கர்கள் ஆரம்பித்தார்கள். 1670-களில் ஆட்சிக்கு வந்த மராட்டியர்கள் இடிக்காமல் கூட்டிக்கொண்டே போனார்கள். அதனால், உள்ளே போனால் எது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றே தெரியாது. ஒரு வாசல், ஒரு முற்றம், திரும்பினால் இன்னொரு முற்றம்.

தூரத்திலிருந்தே கண்ணில் படுவது சுமார் 190 அடி உயரக் கூடகோபுரம். பார்த்தால் கோயில் விமானம் என்றே நினைப்பீர்கள். உண்மையில் அது ஆயுதக் கிடங்கு, கூடவே காவல் கோபுரம். அங்கே திமிங்கிலத்தின் எலும்புக்கூடு ஒன்று வைத்திருக்கிறார்கள். நெல் வயல்களுக்கு நடுவே இருக்கும் ஊருக்குத் திமிங்கிலம் எப்படி வந்தது? நம்ம பக்கத்து ஊர்தான் காரணம். தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியதாம். குழந்தைகளைக் கூட்டிப்போனால் ராஜாவைவிட இதுதான் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

மராட்டிய தர்பார் மண்டபத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். 1684-ல் இரண்டாம் ஷாஜி காலத்தில் கட்டியது. கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் தூண்கள், எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும். மேலே வளைவு வளைவாகச் சுதை வேலை, சுவரெங்கும் வண்ணம். டெல்டாவில் கருங்கல் மலை கிடையாது. பெரிய கோயிலுக்கே வெளியிலிருந்துதான் கல் வந்தது. இருக்கிற மண்ணைச் சுட்டு இவ்வளவு கம்பீரம் காட்டியிருக்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஆனால் காரைக்கு ஈரமே எதிரி. சில இடங்களில் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிவதைப் பார்க்கும்போது மனசு சங்கடப்படும்.

நாயக்கர் தர்பார் மண்டபம் இப்போது கலைக்கூடம். 1951-ல் ஆரம்பித்தது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்கு நடுவே, கைகூப்பி நிற்கிறார் இரண்டாம் சரபோஜி. இங்கிலாந்துச் சிற்பி சான்ட்ரி வடித்த பளிங்குச் சிலை.

புத்தகம் வாங்கிய ராஜா

சரபோஜி 1798-ல் பட்டத்துக்கு வந்தார். அடுத்த வருஷமே நாட்டின் நிர்வாகம் கம்பெனியிடம் போய்விட்டது. ஆளுவதற்கு நாடு இல்லாத ராஜா என்ன செய்வார்? இவர் புத்தகம் வாங்கினார். காசி யாத்திரை போனபோதும் சுவடிகளைச் சேகரித்து வந்தார். கண் சிகிச்சை பெற்ற நோயாளிகளின் கண்ணைப் படமாக வரைந்து குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். ஓவியமும் கேஸ் ஷீட்டும் ஒன்றாக! இதெல்லாம் சரஸ்வதி மகால் நூலகத்தின் சொத்து. 1918-ல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

1855-ல் அவர் மகன் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும், கம்பெனி அரசோடு அரண்மனைச் சொத்துகளையும் எடுத்துக்கொண்டது. மூத்த ராணி காமாட்சி பாயி சும்மா இருக்கவில்லை, கேஸ் போட்டார். விவகாரம் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 'இது அரசின் செயல், நீதிமன்றம் தலையிட முடியாது' என்று 1859-ல் தீர்ப்பு வந்தது. சில வருஷம் கழித்து, தனிச்சொத்துகளை அரசே ராணிகளிடம் திருப்பிக் கொடுத்தது. அரச குடும்பத்தின் வழிவந்தவர்கள் இன்றும் அரண்மனையின் ஒரு பகுதியில்தான் வசிக்கிறார்கள். அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதீர்கள், அது அவர்கள் வீடு.

போகிறவர்கள் கவனத்துக்கு: கலைக்கூடம், தர்பார் மண்டபம் என்று தனித்தனி டிக்கெட் இருக்கும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். நேரம் மிச்சமிருந்தால் சேதுபாவாசத்திரம் பக்கம் மனோராவுக்கும் ஒரு நடை. நெப்போலியனை ஆங்கிலேயர் தோற்கடித்ததைக் கொண்டாட சரபோஜி கட்டிய கடலோரக் கோபுரம் அது. காரைக்கால்காரர்கள் அதை ரசிப்பதா, முறைப்பதா என்பது அவரவர் இஷ்டம்!