காலிக் கோப்புறையும் காணாமல் போன கோப்புகளும்

2018 அக்டோபர் 2-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10 புதுப்பிப்பு, சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. எப்படி?

ஆவணக் கோப்புறையை வேறு டிரைவுக்கு மாற்றியவர்களின் கணினியில், பழைய இடத்தில் காலிக் கோப்புறை ஒன்று வீணாகக் கிடந்தது. அதை நீக்கச் சேர்த்த நிரல், உள்ளே கோப்புகள் இருந்த பழைய கோப்புறைகளையும் சேர்த்தே நீக்கியது.

சில நாட்களிலேயே வெளியீட்டை நிறுத்தினார்கள். கோப்புகளை இழந்தவர்கள் கணினியை அதிகம் பயன்படுத்த வேண்டாம் என்றது நிறுவனம். அழிந்த கோப்பின் இடத்தில் புதியது பதிந்தால் மீட்க முடியாதே!

சோதனைப் பதிப்பைப் பயன்படுத்திய சிலர் இதை முன்பே சொல்லியிருந்தார்கள். புகார்கள் குறைவாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. அதன்பின், புகாரின் தீவிரத்தையும் குறிக்க வசதி செய்தார்கள். திருத்திய பதிப்பு நவம்பர் 13-இல் வந்தது.

புதுப்பிக்கும் முன் நகல் எடுத்து வையுங்கள்.