அம்மாவின் குரலும் 9 மைக்ரோனும்



எண்பதுகளில் லாச்சப்பலில் இருந்து நாங்கள் கடிதத்துக்குப் பதில் கசெற்றில் பேசி அனுப்புவோம். மறுபக்கத்தில் அம்மா பேசித் திருப்பி அனுப்புவார். எனக்குக் கணக்காளன் புத்தி. நிறையப் பேசலாமென்று 120 நிமிடக் கசெற்றே வாங்குவேன்.

1928இல் ஜேர்மனியில் ஃபிளொய்மர் காகித நாடாவில் இரும்புத்தூள் பூசினார். காகிதம் கிழிந்தது. 1935இல் செல்லுலோஸ் அசற்றேற் நாடா வந்தது. அது முறியும், ஆனால் ஒட்டலாம். 1963இல் வந்த பிலிப்ஸ் கசெற்றுக்குப் பொலியெஸ்ரர் நாடா. அது இலேசில் அறாது. ஆனால் இழுபட்டால் பழையபடி வராது.

60 நிமிட நாடா சுமார் 18 மைக்ரோன் தடிப்பு, 90க்கு 12, 120க்கு வெறும் 9. மெல்லிய நாடா கெதியில் இழுபடும். ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றிலும் பதியும்.

அம்மா இன்றில்லை. நான் மிச்சம் பிடித்த நாடாவில் அவர் குரல் இழுபட்டுக் கேட்கிறது. உங்கள் வீட்டுக் கசெற்றுகளை இந்த மாதமே கணினியில் பதிந்து வையுங்கள். 120ஐ முதலில் எடுங்கள்.