வருகைப் பதிவேட்டில் இல்லாத கட்டம்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி சென்ற வாரம் போன் செய்தாள். அவள் மகளுக்குப் பள்ளியில் ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். "2018-ல எல்லையில பிள்ளைங்களை அப்பா அம்மாகிட்டருந்து பிரிச்சாங்களே சார், அப்ப அங்க இருந்த எம்.பி.ங்க யாரும் கேள்வி கேக்கலையான்னு கேக்குறா. எனக்குச் சொல்லத் தெரியல" என்றாள். போனில் பாதிதான் சொன்னேன். மீதி இங்கே.

முதலில் ஒரு பழைய கதை. 1989-ல் ஏழாம் வகுப்பை மாமல்லபுரம் சுற்றுலாவுக்கு அழைத்துப் போனேன். போனவர்கள் 54 பேர். மாலையில் பஸ் ஏறும்போது எண்ணினால் 53. மறுபடி எண்ணினேன், 53தான். முக்கால் மணி நேரம் தேடினோம். பையன் ஒரு சிற்பக்கூடத்தில் உளி வேலையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். இன்று அவன் மகன் கல்லூரியில் படிக்கிறான். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. தேட முடிந்ததற்கே காரணம், யார் இல்லை என்று என் கையிலிருந்த பெயர்ப்பட்டியல் சொன்னதுதான்.

இனி அமெரிக்கக் கதை. 2018 ஏப்ரலில் அந்நாட்டு அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் ஒரு கொள்கையை அறிவித்தார். மெக்சிகோ எல்லையை அனுமதியின்றிக் கடக்கும் பெரியவர்கள் எல்லோர் மீதும் குற்ற வழக்கு, சிறிதும் விட்டுக்கொடுப்பு இல்லை என்றார். எந்த நாட்டுக்கும் தன் எல்லையைக் காக்கும் உரிமை உண்டு. அதில் எனக்குத் தகராறு இல்லை. விவகாரம் அடுத்த படியில் இருக்கிறது.

தாய் மீது வழக்கு என்றால் தாய் சிறைக்குப் போவாள். பிள்ளையைச் சிறையில் வைக்க முடியாது. எனவே பிள்ளையை 'துணையின்றி வந்த குழந்தை' என்று எழுதி, சுகாதாரத் துறையின் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை, காகிதத்தில் அநாதையானது. தாய் ஒரு துறையின் பொறுப்பு, பிள்ளை இன்னொரு துறையின் பொறுப்பு. காப்பகம் பல நேரம் வேறு மாநிலத்திலேயே இருந்தது.

எட்டாம் வகுப்பில் நான் நடத்தியது நினைவிருக்கிறதா? சட்டமன்றத்துக்குச் சட்டம் இயற்றுவதோடு வேலை முடிவதில்லை. ஆட்சி செய்பவர்களைக் கேள்வி கேட்பதும் அதன் வேலை. நம் நாடாளுமன்றத்தில் கேள்வி நேரமும் பொதுக் கணக்குக் குழுவும் இருக்கின்றன. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர் (நம் கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). அங்கே இந்த வேலையைக் குழுக்கள் செய்கின்றன. அதிகாரிகளை வரவழைத்துச் சத்தியம் செய்யச் சொல்லிக் கேட்கலாம். ஆவணங்களைக் கொடு என்று கட்டாய ஆணையே பிறப்பிக்கலாம். ஆனால் அந்த ஆணைக்குக் குழுவில் பெரும்பான்மை வேண்டும். 2018-ல் இரண்டு அவைகளும் அதிபரின் கட்சி கையில்தான் இருந்தன.

அதனால் எதிர்க்கட்சியினர் தங்கள் கால்களை நம்பினார்கள். ஜூன் 3 அன்று செனட்டர் ஜெஃப் மெர்க்லி, டெக்சாசின் பிரவுன்ஸ்வில்லில் ஒரு காப்பகத்தின் வாசலுக்கே போனார். ஒரு காலத்தில் பெரிய கடையாக இருந்த கட்டடம் அது. உள்ளே விடவில்லை, போலீசை அழைத்தார்கள். அவர் அதைத் தன் கைப்பேசியிலேயே நேரலையாகக் காட்டினார். அதே வாரம் நம் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால், பிரதிநிதிகள் சபை உறுப்பினராக சியாட்டில் அருகே உள்ள சிறைக்குப் போய், பிரிக்கப்பட்ட தாய்மார்களைச் சந்தித்தார். பிள்ளையிடம் போய் வருகிறேன் என்று சொல்லக்கூட விடவில்லை என்று அவர்கள் சொன்னதை வெளியே வந்து உலகுக்குச் சொன்னார்.

ஜூன் 17 அன்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் கிர்ஸ்டன் நீல்சன், குடும்பங்களைப் பிரிக்கும் கொள்கை எதுவும் எங்களிடம் இல்லை என்றார். மூன்றே நாளில், ஜூன் 20 அன்று, அதிபர் டிரம்ப் பிரிப்பதை நிறுத்தும் ஆணையில் கையெழுத்திட்டார். இல்லாத கொள்கையை நிறுத்த ஆணை எதற்கு என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் 26 அன்று சான் டியேகோ நீதிபதி டேனா சப்ரா, ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களை 14 நாளிலும் மற்றவர்களை 30 நாளிலும் பெற்றோரிடம் சேர்க்க உத்தரவிட்டார். கைதாகிறவரின் உடைமைகளுக்குக் கணக்கு வைக்கத் தெரிந்த அரசு, பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கணக்கு வைக்கவில்லை என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதினார்.

இங்கேதான் பதிவேடு வருகிறது. காங்கிரசுக்காகத் தணிக்கை செய்யும் அலுவலகம் அந்த அக்டோபரில் ஓர் அறிக்கை கொடுத்தது. கொள்கை வரப்போவது சம்பந்தப்பட்ட துறைகளுக்கே முன்கூட்டித் தெரியாததால் எந்த ஏற்பாடும் செய்யவில்லை என்றது. இந்தக் குழந்தை பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டது என்று குறிக்க, கணினிப் பதிவில் தனியாக ஒரு கட்டமே இருந்திருக்கவில்லை என்றும் சொன்னது. ஒரு கட்டம்! நம் பள்ளிப் பதிவேட்டில் மதிய உணவு சாப்பிட்டானா என்பதற்குக்கூடக் கணக்கு உண்டு.

2018 நவம்பர் தேர்தலில் பிரதிநிதிகள் சபை எதிர்க்கட்சி கைக்கு மாறியது. 2019 பிப்ரவரியில் நடந்த ஒரு விசாரணையில் ஜொனாதன் வைட் என்ற சுகாதாரத் துறை அதிகாரி சாட்சி சொன்னார். பிரிப்பது பிள்ளைகளின் மனதைக் காயப்படுத்தும் என்று தன் மேலதிகாரிகளிடம் முன்பே எச்சரித்ததாகவும், அப்படி ஒரு கொள்கையே இல்லை என்று பதில் வந்ததாகவும் சொன்னார். அரசு ஊழியர் ஒருவர் அதைச் சபைக்குழுவின் முன் சொல்வது சாதாரணம் இல்லை.

அதே மாதம் 26-ம் தேதி, மேற்பார்வைக் குழுத் தலைவர் எலைஜா கம்மிங்ஸ் மூன்று துறைகளுக்கும் கட்டாய ஆணை அனுப்ப வாக்கெடுப்பு நடத்தினார். குத்தகை விவசாயிகளின் மகன் அவர். அதிபர் கட்சியைச் சேர்ந்த இரண்டு உறுப்பினர்களும் ஆதரித்து வாக்களித்தார்கள். என்ன கேட்டார் தெரியுமா? பிள்ளைகளின் பட்டியலைத்தான். வயது என்ன, எப்போது பிரித்தீர்கள், எங்கே வைத்தீர்கள், பெற்றோர் எங்கே, எப்போது சேர்த்தீர்கள். ஒரு வகுப்பாசிரியர் கேட்கும் கேள்விகள். ஜூலையில் குழுவின் அறிக்கை வந்தது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைகள் குறைந்தது 18 பேர் பிரிக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் 9 பேருக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. தன் பெயரையே சொல்லத் தெரியாத பிள்ளை, அம்மா பெயரை யாரிடம் சொல்லும்?

அந்த அக்டோபரில் கம்மிங்ஸ் காலமானார். கணக்கு எடுப்பது நிற்கவில்லை. 2017 நடுவிலிருந்தே பிரித்தது வெளியே வந்து, மொத்த எண்ணிக்கை 5,000-ஐத் தாண்டியது. 2020 அக்டோபரில் 545 குழந்தைகளின் பெற்றோரை இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். 2023 டிசம்பரில் ஒரு சமரச உடன்பாட்டை நீதிபதி சப்ரா ஏற்றார். அதன்படி எட்டு ஆண்டுகளுக்கு இப்படிப் பிரிக்கத் தடை.

அம்மா, உன் மகளிடம் இப்படிச் சொல். கேள்வி கேட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வியால் மட்டும் கொள்கை நிற்கவில்லை. மக்களின் கோபமும் நீதிமன்றமும்தான் நிறுத்தின. கட்டாய ஆணை வந்தபோது எட்டு மாதம் கடந்திருந்தது. கைக்குழந்தைக்கு எட்டு மாதம் என்பது பாதி ஆயுள். அதிகாரத்தில் இருப்பவரின் கட்சியே சபையிலும் பெரும்பான்மையாக இருந்தால் கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடும் என்பதையும் சொல். இது எல்லா நாட்டுக்கும் பொருந்தும்.

அப்படியானால் கேள்வி வீணா? இல்லை. கேட்டிருக்காவிட்டால் அந்த 18 குழந்தைகள் என்ற எண் நமக்குத் தெரிந்திருக்காது. நடக்கவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இப்போது அப்படிச் சொல்ல முடியாது.

என் பையில் 54 பெயர் கொண்ட தாள் இருந்தது. 53 என்று எண்ணியதும் என்னால் பஸ்ஸைக் கிளம்பச் சொல்ல முடியவில்லை. ஓர் அரசுக்கும் அந்தத் தாள் வேண்டும். அது இல்லையென்றால், எங்கே அந்தத் தாள் என்று உரக்கக் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

தவறு இருந்தால் திருத்துங்கள். மாமல்லபுரத்துப் பையா, படித்தால் ஒரு வணக்கமாவது போடு.