டார்வின் சொன்னது சண்டையா, அல்லாட்டமா?

ஆங்கிலத்துல ‘ஃபைட்’னா சண்டை. அதுக்கு எதிராளின்னு ஒருத்தர் வேணும். ‘ஸ்ட்ரகிள்’க்கு அந்தக் கட்டாயம் இல்லை. சேத்துல சிக்கின மாடு பண்றதும் ஸ்ட்ரகிள்தான், மாசக் கடைசியில நாம பண்றதும் ஸ்ட்ரகிள்தான் :-) இந்தச் சின்ன வித்தியாசம் ஒரு பெரிய புத்தகத்தைப் படுத்தின பாடு இருக்கே!

1859-ல வந்த டார்வினோட ‘ஆரிஜின் ஆஃப் ஸ்பீசீஸ்’ல மூணாவது அத்தியாயத்தோட தலைப்பே ‘ஸ்ட்ரகிள் ஃபார் எக்ஸிஸ்டன்ஸ்’. சொல் அவரோடது இல்லை, 1798-லேயே மால்தஸ் எழுதினது. அதை ரொம்ப விரிஞ்ச பொருள்ல, உருவகமா எடுத்துக்கறேன்னு டார்வின் அங்கேயே சொல்லிடறார். பஞ்ச காலத்துல ரெண்டு நாய் இரைக்காக மோதிக்கறது ஒரு உதாரணம். பாலைவன ஓரத்துல நிக்கற செடி இன்னொண்ணு. அந்தச் செடி யாரோட சண்டை போடுது? வறட்சியில அல்லாடுது, அவ்வளவுதான். அது ஈரத்தைச் சார்ந்து இருக்குன்னு சொல்றதுதான் இன்னும் சரின்னு அவரே ஒத்துக்கறார்.

அடுத்த வருஷமே, 1860-ல, ஹைடல்பர்க் பேராசிரியர் ப்ரான் இதை ஜெர்மன்ல கொண்டுவந்தார். ஸ்ட்ரகிளுக்கு அவர் போட்ட சொல் ‘காம்ஃப்’. (ஆமாங்க, பின்னாடி ஹிட்லர் தன் புத்தகத்துக்கு வெச்ச அதே காம்ஃப்தான்.) போராட்டம்னும் பொருள் உண்டு, ஆனா போர்க்கள வாடை தூக்கல். நாயோட சேர்ந்து அந்த அப்பாவிச் செடியும் படைவீரன் ஆயிடுச்சு! டார்வினுக்கே இது உறுத்தியிருக்கு. 1869-ல ப்ரையர்ங்கற உடலியல் அறிஞருக்கு எழுதின கடிதத்துல, நான் நினைச்சதைக் காம்ஃப் அப்படியே சொல்லலையோன்னு சந்தேகப்படறார்.

முதல் உலகப்போர் சமயத்துல, பெல்ஜியம் நிவாரண வேலைக்காக ஜெர்மன் ராணுவத் தலைமையகத்துல தங்கின அமெரிக்க விலங்கியலாளர் வெர்னன் கெல்லாக், போர் இயற்கையின் விதின்னு அதிகாரிகள் வாதாடினதைக் கேட்டு அதிர்ந்துபோய் 1917-ல புத்தகமே போட்டார்.

அதுக்காக எல்லாப் பழியையும் மொழிபெயர்ப்பாளர் தலையில கட்ட முடியாது. ‘சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டஸ்ட்’டை 1864-ல கிளப்பிவிட்டது ஸ்பென்சர்ங்கற இங்கிலீஷ்காரர். 1869 பதிப்புல டார்வினே அதைச் சேர்த்துக்கிட்டார். எதிர்க்குரல் ரஷ்யர்கள்கிட்டேருந்து வந்தது. சைபீரியாவுல சுத்தின க்ரோபோட்கின், ஒரே இனத்து விலங்குகள் அடிச்சுக்கிட்டதைவிட ஒண்ணுக்கொண்ணு உதவிக்கிட்டதைத்தான் அதிகம் பார்த்தேன்னு 1902-ல புத்தகமா எழுதினார்.

நாமளும் ‘வாழ்க்கைப் போராட்டம்’னுதானே எழுதறோம்? உள்ள ‘போர்’ ஜம்முனு உக்காந்திருக்கு. அல்லாடறது, திண்டாடறது, மல்லுக்கட்டறதுன்னு நம்மகிட்ட தனித்தனியா சொல் இருக்கறப்ப, அந்தப் பாலைவனச் செடிக்கு என் ஓட்டு அல்லாட்டத்துக்குத்தான். உங்க ஓட்டு எதுக்கு மக்களே?