சைலன்சரும் ஒரு மதிப்பெண் கேள்வியும்



பத்து நாளாக வாசலில் புல்லட்டைக் காணோமே, விற்றுவிட்டீர்களா என்று மூன்று பேர் போனில் கேட்டுவிட்டார்கள். விற்கவில்லை. சைலன்சர் மாற்றப் போயிருந்தது. அந்தக் கதையைச் சொல்லப் போனால் கொஞ்சம் சரித்திரமும் வருகிறது, என் தவறு ஒன்றும் வருகிறது. பதிவு நீளம். வாத்தியார் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 1971ஆம் வருடத்தது, 350 சி.சி. அப்பா செகண்ட்ஹேண்டில் வாங்கியபோது நான் எட்டாம் வகுப்பு. வாங்கிய வாரமே இறங்கத் தெரியாமல் இறங்கி, சைலன்சரில் காலைச் சுட்டுக்கொண்டேன். அம்மா இட்லி மாவை அள்ளி அப்பினார். வலது கெண்டைக்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நம் உறவில் குறைந்தது நான்கு பேர் காலில் அதே முத்திரை உண்டு. யார் யார் என்று அவர்களுக்கே தெரியும்.

ஆறு மாதமாக வண்டியின் சத்தம் மாறியிருந்தது. நிதானமாக வரும் "டப் டப்"புக்கு நடுவே ஒரு சீறல். ஆக்சிலேட்டரை விட்டால் பட்டாசு போல வெடிப்பு. மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "பெண்ட் பைப்பும் போச்சு, சைலன்சரும் போச்சு சார்" என்றார். வெளியே குரோம் பளபளவென்று இருந்தது. ஸ்பேனரால் தட்டினால் உள்ளே துரு கொட்டுகிற சத்தம்.

ஏன் உள்ளிருந்து அரிக்கிறது தெரியுமா? ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். நீண்ட தூரம் ஓடினால் சைலன்சர் நன்றாகச் சூடாகி அந்த ஆவி வெளியே போய்விடும். பால் பூத்துக்கும் ரேஷன் கடைக்கும் மட்டும் ஓட்டினால், சூடாகும் முன்பே வண்டியை நிறுத்திவிடுகிறோம். ஆவி உள்ளேயே குளிர்ந்து நீராகித் தங்கி, தகட்டைத் தின்கிறது. ஓய்வு பெற்றபின் நான் ஓட்டியதெல்லாம் பால் பூத் வரைதான். ஆக, குற்றவாளி நானே.

இனி சரித்திரம். ராயல் என்ஃபீல்டின் பூர்வீகம் இங்கிலாந்தின் ரெட்டிச், ஊசி செய்வதற்குப் பேர்போன ஊர். அங்கே ஊசி செய்த ஒரு நிறுவனம் சைக்கிளுக்கு மாறியது. என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்து கொடுத்ததால் அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது. 1901இல் முதல் மோட்டார் சைக்கிள். 1932இல் புல்லட் என்ற பெயர். நாடு விடுதலை பெற்றபின் எல்லையில் ரோந்து போக நம் ராணுவத்துக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டது. தேர்வானது புல்லட். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச்காரர்களும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் ஆலை வந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு வார்ப்புகளும் எந்திரங்களும் வந்தன, பாகங்களையே இங்கே செய்தார்கள். 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றே போனது. 1977இல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே கப்பல் ஏறியது.

திருவொற்றியூர் வடக்கே இருக்கிறது, நம் பக்கத்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதே 1955ஐப் பாருங்கள். ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு. நேரு வந்தார். சோஷலிச பாணி சமுதாயமே நம் இலக்கு என்று தீர்மானம் போட்டார்கள். அதே ஆண்டு அதே ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் தொடங்கியது. எஃகுத் தகட்டைச் சுருட்டி, விளிம்பைப் பற்றவைத்துக் குழாயாக்கும் ஆலை. அக்டோபர் 2ஆம் தேதி பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை திறந்தது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் அதற்கு முன்பே ஹெர்குலிஸ் சைக்கிள் செய்துகொண்டிருந்தது. 1961இல் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். 1965இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. கூடவே அம்பத்தூர் தொழிற்பேட்டை. லேத், பிளேட்டிங், வெல்டிங் என்று சின்னச் சின்னப் பட்டறைகள். பத்துப் பதினைந்து வருடத்தில், ஏரியும் வயலுமாக இருந்த ஊர் சங்குச் சத்தத்துக்கு எழுந்து சங்குச் சத்தத்துக்குச் சாப்பிட்டது.

இதையெல்லாம் நான் வகுப்பில் எப்படி நடத்தினேன்? "ஆவடி மாநாடு நடைபெற்ற ஆண்டு எது? நிறைவேறிய தீர்மானம் என்ன?" ஒரு மதிப்பெண் கேள்வி. அவ்வளவுதான்.

ஏழாம் வகுப்பில் ஒரு பையனை எழுப்பி இதைக் கேட்டேன். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பதில் வரவில்லை. "போ, ஏதாவது ஷெட்டுல போய் ஸ்பேனர் புடி" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் அப்பா குழாய்த் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். அந்தக் கேள்விக்கான விடையைத் தினமும் எட்டு மணி நேரம் கையால் செய்துகொண்டிருந்தவரின் மகனைத்தான் நான் நிற்க வைத்திருந்தேன். அது அன்று எனக்கு உறைக்கவில்லை. பையன் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டான்.

மெக்கானிக் என்னை அனுப்பி வைத்த பட்டறை அவனுடையது. தொழிற்பேட்டையில் இரண்டு லேத், ஒரு வெல்டிங் செட், நான்கு ஆட்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சைலன்சர் வாங்கிவிட்டேன், பழைய மாதிரி நீளமானது. அங்கே கிடைத்த பெண்ட் பைப்பைக் காட்டினேன். "தகடு மெலிசு, வளைவும் சேராது சார். நானே வளைச்சுத் தரேன்" என்றான். பழைய சைலன்சரை நடுவில் அறுத்துக் காட்டினான். உள்ளே தடுப்புத் தகடுகள், அறை அறையாக. "என்ஜின் ஆயிரம் சுத்து சுத்தினா ஐநூறு வெடி சார், ஒரு நிமிஷத்துக்கு. ஒவ்வொரு வெடியும் இந்த ரூம்ல வந்து விரிஞ்சு, அடங்கி, அடுத்த ரூமுக்குப் போகும். கடைசியில கோபம் தணிஞ்சு வெளிய போகும்." நான் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குழாய்க்குள் மணலை நிரப்பினான். ஈரம் துளியும் இல்லாமல் வறுத்த மணல். ஈரம் இருந்தால் சூட்டில் ஆவியாகி அடைப்பையே பிய்த்துக்கொண்டு வரும். இரண்டு முனையும் அடைத்து, கேஸில் செக்கச்செவேல் என்று காய்ச்சி, பழைய பைப்பை அளவாக வைத்து மெல்ல வளைத்தான். மணல் இருப்பதால் குழாய் நசுங்கவில்லை. அவன் கை அந்தக் குழாயைத் திருப்பிய விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "அன்னைக்கு ஏழாவதுல நான் சொன்னது தப்புப்பா" என்றேன். அவன் நிமிரவில்லை. "நினைப்பு இருக்கு சார்" என்றான். கொஞ்சம் கழித்து, "பைப்பைத் தொட்டுடாதீங்க, ஆறட்டும்" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

பஃபிங்கும் பிளேட்டிங்கும் பக்கத்துத் தெருவில்; முதலில் நிக்கல், அதன்மேல் குரோம். பூட்டும்போது அவன் சொன்னதைப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த போல்ட்டை முறுக்கி உடைக்காதீர்கள், முந்தின நாளே மண்ணெண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். பெண்ட் பைப், கிளாம்ப், சைலன்சர் எல்லாவற்றையும் முதலில் தளர்வாக மாட்டி, இடம் சரியாக உட்கார்ந்ததும் என்ஜின் பக்கமிருந்து பின்னோக்கி முறுக்குங்கள். இழுத்துப் பிடித்து முறுக்கினால் அதிர்ச்சியில் சீக்கிரம் விரிசல் விடும். கிளப்பும் முன் குரோமில் கைரேகை, கிரீஸ் இல்லாமல் துடையுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் கறையாகிவிடும். சூடாகி ஆறியதும் இன்னொரு முறை முறுக்குங்கள்.

பேரனுக்கு மட்டும் வருத்தம். "தாத்தா, இந்தோரி போட்டிருக்கலாமே, தெருவே அதிரும்" என்றான். சத்தத்தை இயன்றவரை குறைக்கும் சைலன்சர் ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும் என்று 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆம் விதி சொல்கிறது. ஆனால் எனக்குச் சட்டம் கூட இரண்டாவதுதான். சி.டி.எச். சாலையை ஒட்டிய வகுப்பறையில், சைலன்சரைக் கழற்றிய வண்டி ஒன்று போகும்போதெல்லாம் பாதி வாக்கியத்தில் நின்று காத்திருந்தவன் நான். மீதி வாக்கியம் பின் பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்ததே இல்லை.

கூலி கொடுத்தேன். ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் பில் போட்டு வாங்கிக்கொண்டான். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. வாத்தியாருக்குச் சலுகை என்று விட்டிருந்தால், மன்னிப்பையும் தள்ளுபடி கணக்கில் எழுதினது போல ஆகியிருக்கும்.

நேற்று காலை வண்டியைத் திருமுல்லைவாயில், ஆவடி தாண்டி பட்டாபிராம் வரை ஓட்டிவிட்டு வந்தேன். பைப் நன்றாகச் சூடாகட்டும் என்றுதான். சத்தம் பழையபடி நிதானமாக இருக்கிறது.

என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று ஆசிரியர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆவடி மாநாட்டை நடத்தும்போது, பிள்ளைகளிடம் ஆண்டைக் கேட்கும் முன், "உங்க அப்பா அம்மா என்ன வேலை செய்யறாங்க?" என்று கேளுங்கள். பாதிப் பாடம் அங்கேயே நடந்துவிடும். ஷெட் என்ற சொல்லைத் திட்டுவதற்கு எடுக்காதீர்கள்.

அந்தத் தம்பியும் இதைப் படிப்பான். சங்கடப்படக்கூடாது என்று பெயர் எழுதவில்லை.

அனைவரும் நலமாக இருங்கள். அம்பத்தூர் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். வலது பக்கமாக மட்டும் இறங்காதீர்கள்.