தோட்டத்துப் பெண்ணின் பொழுதும் வீட்டுப் போசாக்கும்: வட்டவளையை முன்வைத்து

கணவனும் மனைவியும் சம்பளத்துக்குப் போகும் குடும்பத்தை நகர வாழ்க்கையின் புது வரவாகவே பலரும் எழுதிவருகிறார்கள். இலங்கையின் மலையகத்தில் அது ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வழக்கம். கோப்பி அழிந்து தேயிலை ஊன்றிய நாள்முதல் தோட்டங்கள் குடும்பம் குடும்பமாகவே ஆள் பிடித்தன. கொழுந்துக்குப் பெண் வேண்டும்; செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக்கும் வடிகாலான கான் வெட்டவும் ஆண் வேண்டும். ஆகவே, இரு வருமானம் வந்தால் வீட்டுச் சாப்பாடு சீர்படும் என்ற நம்பிக்கையை உரைத்துப் பார்க்க, மலையகத் தேயிலைப் பகுதியான வட்டவளை தக்க களம். கிடைக்கும் விடை கசப்பானது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளவில் 17 வீதம். பெருந்தோட்டத் துறையில் ஏறத்தாழ 32 வீதம்.

சம்பளம் போதாமை முதற்காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2021 இல் போராடிப் பெற்ற 1000 ரூபாய் நாட்சம்பளத்தை அடுத்த ஆண்டின் விலையேற்றமே விழுங்கிவிட்டது. ஆனால் பணத்தோடு நின்றுவிடும் கணக்கு, அடுப்படியில் பொழுது இல்லாததைக் காண்பதில்லை.

கொழுந்தெடுப்பவள் விடியுமுன் எழுந்தாக வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் வட்டவளையில் மழை விடாது. நனைந்த விறகு ஊதி ஊதித்தான் பற்றும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சின்னதைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறுகிறாள். பிந்தினால் பேர் விழாது, அதாவது அன்றைய வேலைக்குப் பதிவாகாது. காலை, நண்பகல், மாலை என்று கொழுந்து நிறுவைகள் அவள் நாளைத் துண்டுபோடுகின்றன. இந்த இடுக்கில்தான் கோதுமை மா ரொட்டி உட்கார்ந்திருக்கிறது. தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து தட்டிப்போட்டால் சில நிமிடத்தில் வெந்துவிடும், கட்டிக்கொண்டு போகலாம், சம்பலோடு ஆறினாலும் உண்ணலாம், பசி தாங்கும். பருப்பும் கீரையும் முட்டையும் அவளுக்குத் தெரியாதவை அல்ல. போசாக்கு வகுப்பு நடத்துவோர் தாயின் அறியாமையிலிருந்து தொடங்குவது அநீதி என்றே கருதுகிறேன். மா ரொட்டி, நேரமில்லாத ஒருத்தி கண்டுபிடித்த தீர்வு.

போசாக்குக் குறைவுக்கு ஆண்களின் குடியைச் சுட்டுவோர் உண்டு. பல வீடுகளில் அது உண்மை. ஆயினும் குடி அறவே இல்லாத வீட்டிலும் சுமை ஒருபக்கமே சாய்கிறது. அளந்து கொடுத்த வேலையை முடித்த ஆண் பெரும்பாலும் பிற்பகலிலேயே லயத்து வீட்டுக்குத் திரும்பிவிடுகிறான். பெண் கடைசி நிறுவை முடிந்து வந்துதான் இரவுச் சமையலுக்கு அடுப்பு மூட்டுகிறாள். தோட்டத் தொழிலாளரின் 1984 வேலைநிறுத்தம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வாங்கித் தந்தது, பொழுதைச் சமமாக்கவில்லை. எல்லோருக்கும் பரிமாறியபின் மிஞ்சியதை உண்ணும் அவளுடைய இரத்தச்சோகை, அடுத்த பிள்ளையின் பிறப்பு நிறையில் தெரிகிறது.

பாலூட்டும் தாய்க்குச் சட்டம் இடைவேளை தருகிறது. மேல்மலையிலிருந்து மடுவத்துக்கு இறங்கி ஏறுவதிலேயே அதில் பெரும்பங்கு போய்விடுகிறது. ஆகவே என் வாதம் பிள்ளை மடுவத்தில் வந்து நிற்கிறது. அங்கே சமைத்த சூடான பகலுணவு, மடுவத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளி விட்டு ஆளில்லாத லயத்து அறையான காம்பராவுக்குத் திரும்பும் பிள்ளைகளுக்கும் கிடைக்குமானால், தாயின் தலையிலிருந்து ஒருவேளைச் சமையல் இறங்கும். பிற்பகலில் வீட்டிலிருக்கும் தகப்பன் இரவு உலையை ஏற்றினால் இன்னொன்றும் இறங்கும். கூட்டு ஒப்பந்தக் காலத்திலும் பின்னர் சம்பள நிர்ணய சபையிலும் ரூபாயும் கிலோவுமே பேசப்பட்டன. மடுவத்துச் சமையலின் செலவும் கடைசி நிறுவையின் நேரமும் அதே பேச்சில் இடம்பெற வேண்டிய தொழிற்சங்கக் கோரிக்கைகள்.