பால்மரக் காட்டில் விட்டு வந்த பிள்ளைப் பருவம்

தீபாவளிக்கு உறவினர்கள் கூடும் வீடுகளில் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஓர் இடத்தில் வந்து நிற்கும். "தோட்டத்துல இருந்தப்போ..." என்று பெரியவர் ஒருவர் ஆரம்பிப்பார். "அந்த ஆத்தங்கரை ஞாபகம் இருக்கா அண்ணே?" என்று இன்னொருவர் சேர்ந்து கொள்வார். அடுத்த ஒரு மணி நேரத்திற்கு அந்த அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் லயத்து வீடும், பொதுக் குழாயும், பந்து விளையாடிய திடலும், மாரியம்மன் கோயிலும் வந்து உட்கார்ந்து கொள்ளும். பிள்ளைகள் மட்டும் ஒன்றும் புரியாமல் கைத்தொலைபேசியைப் பார்த்துக் கொண்டிருப்பார்கள்.

தமிழ்நாட்டில் ஒருவர் சொந்த ஊர் என்று சொன்னால் அது ஒரு கிராமத்தைக் குறிக்கும். மலேசியத் தமிழர்களில் ஒரு தலைமுறையினருக்கோ சொந்த ஊர் என்றால் அது ரப்பர் தோட்டம்தான். ஆனால், கிராமத்திற்கும் தோட்டத்திற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கிராமத்தில் குடிசை என்றாலும் அது குடியிருப்பவனுடையது. தோட்டத்தில் வீடும் நிலமும் கம்பெனிக்குச் சொந்தம். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்து கொண்டால்தான் அந்தப் பிள்ளைப் பருவத்தின் இனிப்பும் புரியும், கசப்பும் புரியும்.

22 கன்றுகளில் தொடங்கிய கதை

1877ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து இலங்கை வழியாக 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். போகும் இடமெல்லாம் ரப்பர் விதைகளைக் கொடுத்து நடச் சொன்னதால், 'பைத்தியக்கார ரிட்லி' என்று அவரைக் கேலி செய்தார்கள். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் வாணிப அளவில் ரப்பர் பயிரிட்டார். மோட்டார் வண்டிகள் பெருகிய பிறகு யாரும் ரிட்லியைக் கேலி செய்யவில்லை.

மரம் வந்துவிட்டது. சீவுவதற்குக் கை வேண்டுமே! அந்தக் கைகள் தமிழ்நாட்டிலிருந்து வந்தன. முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், 1910இல் அந்த முறைக்கு முடிவு கட்டப்பட்ட பிறகு பெரும்பாலும் கங்காணிகள் வழியாகவும் மக்கள் கப்பலேறினார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குத் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்யும் வரை இது தொடர்ந்தது. வந்தவர்கள் நான்கு காசு சேர்த்துக் கொண்டு ஊர் திரும்பவே நினைத்தார்கள். ஆனால் லயத்து வீடுகளில் பிள்ளைகள் பிறந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே ஊர் பால்மரக் காடுதான்.

பெரட்டு மணி

தோட்டத்தின் நாள், சூரியன் எழுவதற்கு முன்பே எழுந்துவிடும். விடியலின் குளிரில்தான் பால் நன்றாகச் சுரக்கும். வெயில் ஏற ஏறப் பால் குறையும். ஆகவே இருட்டிலேயே பெரட்டு மணி அடிக்கும். பெரட்டுக் களத்தில் கிராணியார் பெயர் வாசிப்பார். தண்டல் நிரையைப் பிரித்துக் கொடுப்பார். தலையில் விளக்கும் கையில் உளியுமாக ஆணும் பெண்ணும் மரங்களுக்கு இடையே மறைவார்கள்.

அதற்கு முன்பே ஒரு காட்சி நடந்து முடிந்திருக்கும். தூங்குகின்ற குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக் கொண்டு தாய்மார்கள் ஆயாக் கொட்டகைக்கு நடப்பார்கள். அங்கே வரிசையாகத் தூளிகள் தொங்கும். எல்லாப் பிள்ளைக்கும் ஓர் ஆயா. கண் விழிக்கும்போது அம்மாவின் முகத்தைக் காணாமலேயே பல குழந்தைகள் வளர்ந்தார்கள். இன்று பாட்டிகளாகிவிட்ட அந்தக் குழந்தைகளில் சிலருக்கு, விடியலில் வரும் மண்ணெண்ணெய் வாசனையும் ரப்பர் பாலின் புளித்த வாடையும்தான் அம்மாவின் வாசனை.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டத்திற்காகப் பெயரளவில் தொடங்கிய பள்ளிகளே அதிகம். ஒரே கூரையின் கீழ் எல்லா வகுப்பும், எல்லாவற்றுக்கும் ஒரே ஆசிரியர் என்ற நிலைதான் பல இடங்களில் இருந்தது. இருந்தும் அந்தக் கொட்டகைகள்தான் இந்த நாட்டில் தமிழைக் காப்பாற்றின என்றால் அது மிகையாகாது.

விளையாட்டுக்குக் காசு தேவைப்படவில்லை

ஆண்டின் தொடக்கத்தில் பால்மர இலைகள் சிவந்து உதிரும். காடு முழுவதும் சருகு மெத்தையாகிவிடும். பிறகு தளிர்த்து, பூத்து, காய்த்து, ஒரு வெயில் நாளில் காய்கள் 'பட் பட்' என்று வெடிக்கத் தொடங்கும். அந்தச் சத்தம்தான் பிள்ளைகளுக்கு அழைப்பு மணி. சட்டைப் பை நிறையக் கொட்டைகளைப் பொறுக்கி வருவார்கள். ஒரு கொட்டையின் மேல் இன்னொன்றை வைத்துக் கையால் அடித்து, யாருடையது உடையாமல் நிற்கிறது என்று பார்ப்பது ஒரு பந்தயம். கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி, பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்துவிட்டு ஓடுவது இன்னொரு விளையாட்டு. சடுகுடு, பம்பரம், கோலி, ஆற்றில் மீன் பிடிப்பது என்று எதற்குமே காசு தேவைப்படவில்லை.

மாலையில் சைக்கிளில் ரொட்டிக்காரர் வருவார். அவரது மணியோசை கேட்டதும் பிள்ளைகள் கூட்டம் கூடிவிடும். திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டும் நாள் வந்தால் அது ஒரு திருவிழா. பாயை எடுத்துக் கொண்டு முன்கூட்டியே போய் இடம் பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு, கதாநாயகன் இடது கையால் வாள் வீசுவான்! ஆண்டுக்கு ஒரு முறை அம்மன் திருவிழா. காவடியும் தீமிதியும் பார்க்க அக்கம்பக்கத் தோட்டங்களிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்து தங்குவார்கள்.

லயத்தில் ஒரு வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் பத்து வீட்டுக்கும் தெரியும். தெரிந்தால் கேட்காமலேயே ஒரு கிண்ணம் வந்து சேரும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மற்ற வீடுகளிலிருந்து சோறு வரும். அடுத்த வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் அடுக்குமாடிகளில் வாழ்கிறவர்கள் அந்த வாழ்க்கைக்கு ஏங்குவதில் வியப்பில்லை.

எளிமைக்கு விலை கொடுத்தவர்கள்

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அது எளிமையான காலம் என்று சொல்கிறவர்கள் அன்று பிள்ளைகளாக இருந்தவர்கள். பெற்றோரைக் கேட்டால் வேறு கதை வரும்.

மழை பெய்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கப்பல் செய்து விடலாம், நனையலாம். அதே மழையைப் பார்த்துக் கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு அது நட்டம். பட்டை நனைந்தால் மரம் சீவ முடியாது. அன்றைக்கு நாட்கூலி இல்லை. இலை உதிரும் காலத்திலும் பால் குறையும், சம்பளமும் குறையும். அந்த மாதங்களை ஓட்டுவதற்கு மளிகைக் கடையில் '555' புத்தகம் இருந்தது. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் அந்தச் சின்னப் புத்தகத்தில் கடனாக ஏறும். சம்பள நாளில் கொஞ்சம் இறங்கும். மறுநாளே மீண்டும் ஏறும். பல குடும்பங்களில் அது முழுவதுமாக இறங்கியதே இல்லை. சம்பளத்தில் ஒரு பங்கு கள்ளுக்கடையில் கரைந்த வீடுகளில் நிலைமை இன்னும் மோசம்.

பள்ளி விட்டதும் ஓடிப் போய் ஒட்டுப்பால் பொறுக்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர். அதை விளையாட்டாகத்தான் நினைத்தார்கள். ஆனால் அந்த விளையாட்டிலேயே படிப்பு நின்று போனவர்களும் உண்டு. ஆறாம் வகுப்பு முடித்துப் பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போனவர்கள், மொழி மாற்றத்திற்காகப் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார வேண்டியிருந்தது. பேருந்துக் கட்டணத்திற்கு வழியில்லாமல் பாதியில் திரும்பியவர்கள் மறுநாள் பெரட்டில் நின்றார்கள்.

அதற்கும் முந்திய தலைமுறையின் பிள்ளைப் பருவம் இன்னும் கொடியது. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சியில் தோட்டங்களிலிருந்து ஆண்கள் சயாம் ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டார்கள். பலர் திரும்பவில்லை. அப்பாவுக்காகக் காத்திருந்த பிள்ளைகள் மரவள்ளிக் கிழங்கு தின்று வளர்ந்தார்கள். 1948இல் அவசரகாலம் வந்தபோது பல தோட்டங்களில் லயங்களைச் சுற்றி முள்வேலி ஏறியது. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் சேர்ந்து கொண்டன. அவர்களிடம் போய் 'அந்தக் காலம் இனிமையானது' என்று சொல்ல முடியுமா?

ஒரே நாளில் எல்லாம் போனது

நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே தோட்டத் துண்டாடல் தொடங்கிவிட்டது. வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கிக் கைமாற்றினார்கள். தோட்டம் துண்டானால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும். இந்த ஆபத்தைக் கண்ட துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி சேமித்தால் தோட்டத்தையே சொந்தமாக்கலாம் என்று மக்களிடம் எடுத்துச் சொன்னார். கூலிக்கு மரம் சீவியவர்கள் சேர்ந்து கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். மலேசியத் தமிழர் வரலாற்றில் அது ஒரு பெரிய துணிச்சல். ஆனால் சங்கத்தால் வாங்க முடிந்தவை சில தோட்டங்களே.

பிறகு பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதன்பின் நகரங்கள் விரிந்து தோட்டங்களை நோக்கி வந்தன. இதற்குத் தெளிவான சான்று பெராங் புசார் தோட்டம். 'பெரும் போர்' என்பது அதன் பொருள். முதலாம் உலகப் போரில் பங்கேற்ற ஆங்கிலேயர்கள் 1921இல் உருவாக்கிய தோட்டம் அது. அங்கே வளர்த்தெடுக்கப்பட்ட உயர்ரக ரப்பர் இனங்கள் 'பிபி' என்ற எழுத்துகளோடு உலகத்தின் பல நாடுகளிலும் நடப்பட்டன. இன்று அந்த மண்ணில் நிற்பது நாட்டின் நிர்வாகத் தலைநகரமான புத்ராஜெயா. 1999இல் பிரதமர் அலுவலகம் அங்கே இடம் மாறியது. அங்கிருந்த பெராங் புசார் உட்பட நான்கு தோட்டங்களின் மக்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

நாடு வளர வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒரு தொழிற்சாலை மூடினால் தொழிலாளி வேலையை மட்டும் இழக்கிறான். தோட்டம் மூடினால் வேலை, வீடு, பள்ளி, கோயில், திடல், சுடுகாடு, அண்டை வீட்டார் எல்லாவற்றையும் சேர்த்து இழக்கிறான். மாற்று வீடு கிடைக்காத பலர் நகர ஓரத்துப் புறம்போக்கு நிலங்களில் பலகை வீடு கட்டிக் கொண்டார்கள். தோட்டத்தில் ஒருவரையொருவர் தாங்கி நின்ற குடும்பங்கள் அங்கே சிதறிப் போயின.

பெயர்ப் பலகையில் மிஞ்சியது

இந்த நாட்டில் இன்று 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றில் பலவற்றின் பெயரில் 'தோட்டம்' என்ற சொல் இன்னும் இருக்கிறது. பள்ளியைச் சுற்றிப் பார்த்தால் ஒரு பால்மரம்கூட இருக்காது. வீடமைப்புப் பகுதியும் பேரங்காடியும் நெடுஞ்சாலையும்தான் தெரியும். பெயர்ப் பலகை மட்டும் ஒரு காலத்தை விடாமல் பிடித்துக் கொண்டு நிற்கிறது. அங்கே படிக்கும் பிள்ளையிடம் 'அது எந்தத் தோட்டம், எங்கே இருந்தது' என்று கேட்டால் பதில் வராது. அது பிள்ளையின் குற்றமல்ல; சொல்லிக் கொடுக்காதவர்களின் குற்றம்.

துரைமார்களின் கணக்குகள் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. எத்தனை ஏக்கர், எத்தனை பவுண்டு ரப்பர் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. எந்த லயத்தில் யார் பாடினார், எந்த ஆயா எத்தனை பிள்ளைகளைத் தாலாட்டினார், கோயில் கட்ட யார் தன் சம்பளத்தைக் கொடுத்தார் என்பவை எந்தக் கணக்கிலும் இல்லை. அவை முதியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர்களுக்கோ எழுபது, எண்பது வயதாகிவிட்டது.

ஆகவே அடுத்த தீபாவளிக்குத் தாத்தா "தோட்டத்துல இருந்தப்போ..." என்று ஆரம்பிக்கும்போது, பேரப்பிள்ளைகளின் கையிலிருக்கும் அதே கைத்தொலைபேசியில் அந்தக் குரலைப் பதிவு செய்து கொள்ளட்டும். ரப்பர் கொட்டைக் கதையோடு நிறுத்திவிடாமல், 555 புத்தகத்தைப் பற்றியும் கேட்கட்டும். திருவிழாவைக் கேட்ட அதே ஆவலோடு, தோட்டத்தை விட்டு லாரியில் சாமான் ஏற்றிய நாளையும் கேட்கட்டும். இனிப்பை மட்டும் எடுத்து வைத்தால் அது வெறும் ஏக்கம். கசப்பையும் சேர்த்து எழுதி வைத்தால்தான் அது வரலாறு.